இல்லத்து இணையமும் கடைமடைப் பங்கும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உபந்நியாசம்)



இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள விஷயம், ஒரே வீட்டில் பல லேப்டாப்புகளை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தார் இன்டர்நெட் இணைப்பை எங்ஙனம் தேர்ந்தெடுத்து, எங்ஙனம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதாகும். இதனைக் கேட்ட மாத்திரத்தில், "இது கம்பெனிச் சிப்பந்திகள் வந்து செய்துவிட்டுப் போகும் காரியமன்றோ? இதற்கு ஒரு சபை கூடி ஒரு பிரசங்கமும் வேண்டுமோ?" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயற்கையே. எனினும், பிள்ளைகளின் கல்வியும், குடும்பத்தாரின் உத்தியோகமும், வீட்டுச் செலவின் சிக்கனமும் ஒருங்கே சம்பந்தப்பட்ட விஷயம் எதுவோ அது சங்கத்தார் கூடிப் பேசத்தக்க விஷயமேயாகும். இஃது அத்தகையதென்பதை யான் சொல்லி முடிக்கும்போது நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நம் தேசத்தில் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் வசதி 1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. அந்நாளில் டெலிபோன் கம்பி வழியாகவே அது வந்தது; இன்டர்நெட் ஓடும்போது டெலிபோன் பேச முடியாது; டெலிபோன் பேசும்போது இன்டர்நெட் ஓடாது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2011-ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கினர். கணினியைக் கண்ணாலும் கண்டிராத பல குடும்பங்களுக்குள் அது அவ்வாறு பிரவேசித்தது. பின்னர் 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. ஆபீசும் வீட்டுக்குள் வந்தது. ஒரே செல்போனை மூன்று குழந்தைகள் முறைபோட்டுக்கொண்டு பாடம் கேட்ட காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். ஊரடங்கு நீங்கிற்று, ஆயினும் வந்த பழக்கம் நீங்கவில்லை. சர்வகலாசாலைப் பிரவேச விண்ணப்பம், சர்க்கார் பரீக்ஷை விண்ணப்பம், உத்தியோகத்துக்கான நேர்முக விசாரணை, பாங்கிக் கணக்கு ஆகிய யாவும் இன்று அந்தக் கம்பி வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, ஒரு வீட்டில் இன்டர்நெட் சரிவர இல்லையென்றால், அவ்வீட்டில் ஒரு கதவு சாத்திக் கிடக்கிறதென்பதே பொருள்.

மதகும் வாய்க்காலும்

முதலாவதாக, நாம் மனத்தில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வீட்டுக்குள் வந்து சேரும் இணைப்பு வேறு. அது வீட்டுக்குள் பகிர்ந்து செல்லும் வழி வேறு. ஏரியில் நீர் நிரம்ப இருக்கலாம். மதகும் நன்றாகத் திறந்திருக்கலாம். ஆயினும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக் கழனி காய்ந்துதான் போகும். கழனி காய்வதைக் கண்டு மதகை இன்னும் அகலமாக்குவோமேயானால், தலைமடையில் நீர் கரைபுரளுமேயன்றிக் கடைமடைக்கு ஒரு துளியும் கூடுதலாக வாராது.

இல்லத்து இணையத்திலும் அங்ஙனமே. "நெட் சரியில்லை" என்று சொல்வோரில் மிகப் பலர் உடனே கம்பெனியாரை அழைத்து, மாதச் சந்தா அதிகமான வேறொரு திட்டத்துக்கு மாறிவிடுகின்றனர். மாறிய பின்னரும் பின்கட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் லேப்டாப்பில் பாடம் நின்று நின்றே வருகின்றது. காரணம் யாது? குறை மதகில் இல்லை, வாய்க்காலில் இருக்கின்றது. ஆதலின் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

வேகத்தைக் கம்பெனியார் விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்லுகிறார்கள். நாமோ கோப்புகளின் அளவை மெகாபைட் என்று கணக்கிடுகிறோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட் திட்டமென்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுதான் வரும். 1000 மெகாபைட் உள்ள ஒரு கோப்பு இறங்குவதற்கு 80 விநாடியாகும். இதனை அறியாதவர் தம்மைக் கம்பெனியார் ஏமாற்றிவிட்டதாக எண்ணி வீணே வருந்துவர்.

இப்பொழுது ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் தம் கடைக் கணக்கையும் பாங்கிக் கணக்கையும் பார்க்கிறார். அதற்கு 2 மெகாபிட் தாராளம். மருமகள் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை செய்கிறார். வீடியோக் கூட்டத்துக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் எஞ்சினீயரிங் மாணவன், அவனுக்கும் வீடியோ வகுப்பு, மற்றுமொரு 4. இளைய மகள் பதிவு செய்யப்பட்ட பாடங்களைத் தெளிவான படத்துடன் பார்க்கிறாள், அதற்கு 5. கூடத்திலுள்ள பெரிய டெலிவிஷனில் மிக உயர்ந்த தரமான 4கே படம் ஓடினால் அதற்கு 15. எல்லாருடைய செல்போன்களும் தாமாகவே செய்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு 5. ஆகக்கூடி 35 மெகாபிட். எல்லாரும் ஒரே சமயத்தில் உபயோகித்தால் ஆகும் கணக்கு இது. ஆகவே இக்குடும்பத்துக்கு 50 மெகாபிட் திட்டம் போதும். 100 மெகாபிட் திட்டம் சௌகரியமானது. 300 மெகாபிட் திட்டம் பெரும்பாலும் வீண் செலவு.

இங்கே கவனிக்கத்தக்கது மற்றொன்றுண்டு. வரும் வேகம் ஒன்று, போகும் வேகம் மற்றொன்று. விளம்பரங்களில் வரும் வேகத்தையே பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். வீடியோக் கூட்டத்தில் நம் முகமும் குரலும் அடுத்தவருக்குச் செல்வது போகும் வேகத்தினால்தான். வீட்டிலிருந்து வேலை செய்வோரும், வகுப்பில் விடை சொல்லும் மாணவரும் போகும் வேகம் எவ்வளவென்று கேட்டறிந்த பின்னரே சந்தா கட்டுதல் வேண்டும்.

"ஒவ்வொருவரிடமும் செல்போன் இருக்கிறதே, அதிலுள்ள டேட்டாவைக்கொண்டே லேப்டாப்பையும் நடத்திக்கொள்ளலாகாதோ?" என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். வீடியோ வகுப்பு ஒன்றுக்கு வரவும் போக்கும் சேர்ந்து விநாடிக்கு 3 மெகாபிட் ஆகுமென்றால், ஒரு மணி நேரத்துக்கு 1350 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் கொடுக்கும் செல்போன் திட்டம் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். காலையில் இரண்டு வகுப்பு இருந்தால் இரண்டாவது வகுப்பின் நடுவிலேயே மாணவன் வெளியேற நேரிடும். செல்போன் டேட்டா ஆபத்துக்கு உதவும் சேமிப்பு, அன்றாட உணவாகாது.

எவ்வகை இணைப்பு?

இன்று நம் ஊர்களில் கிடைக்கும் இணைப்புகளுள் சிரேஷ்டமானது ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை இணைப்பேயாகும். இதில் மின்சாரம் செல்வதில்லை, ஒளியே செல்கின்றது. கம்பெனியாரின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையைத் தெருவிலுள்ள சிறு பெட்டியில் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுப்பது வழக்கம். ஜிபான் எனப்படும் முறையில் அவ்வீடுகள் அனைத்துக்கும் சேர்த்து வரும் வேகம் விநாடிக்குச் சுமார் 2500 மெகாபிட். போகும் வேகம் சுமார் 1250 மெகாபிட். ஒளியைப் பிரிக்கும் அச்சிறு பெட்டிக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. ஆகையால் தெருவில் மின்சாரம் போனாலும் நிலையத்திலும் நம் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் இணைப்பு நிற்காது. சில சிற்றூர்களிலோ, கம்பங்களில் மின்சாரத்தால் இயங்கும் பெட்டிகளை வைத்து இணைப்புக் கொடுப்பவர்களும் உண்டு. அங்கே தெருவில் மின்சாரம் நின்றால் இணைப்பும் நிற்கும். தம் தெருவில் எம்முறை உள்ளதென்று ஒவ்வொருவரும் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

இரண்டாவது வகை, கேபிள் டெலிவிஷன் கம்பி வழியாக வருவது. இதில் வரும் வேகம் நன்றாக இருப்பினும் போகும் வேகம் குறைவாயிருத்தல் பெரும்பான்மை. மூன்றாவது வகை, 4ஜி, 5ஜி அலைகளைப் பிடித்து வீட்டுக்குள் வைஃபை கொடுக்கும் பெட்டி. 5ஜி சேவை நம் தேசத்தில் 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கியது. ஃபைபர் எட்டாத தோட்டத்து வீடுகளுக்கும், அடிக்கடி வீடு மாற்றுவோருக்கும் இது அனுகூலமானது. ஆனால் ஒரே கோபுரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால், மாலை வேளையில் வேகம் தளர்வதுண்டு.

எந்தக் கம்பெனி சிறந்ததென்று என்னைப் பல நண்பர்கள் கேட்கிறார்கள். ஊர் முழுமைக்கும் ஒரே விடை சொல்ல இயலாது. ஒரு கம்பெனி ஒரு தெருவில் நன்றாயும் அடுத்த தெருவில் மோசமாயும் இருக்கும். ஏனெனில் கடைசியாக வீட்டுக்குக் கம்பி இழுத்துப் பழுது பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரரே. ஆகவே விளம்பரத்தை நம்பாமல், அதே தெருவில் மூன்று வீட்டாரைக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. (1) பழுதானால் எத்தனை நாளில் வந்து சரிசெய்கிறார்கள்? (2) இரவு எட்டு மணிக்குமேல் வேகம் குறைகின்றதா? (3) போகும் வேகம் எவ்வளவு? (4) மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்று எல்லை உண்டா. எல்லை தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும்? (5) பெட்டி யாருடையது. இணைப்பை நிறுத்தினால் முன்பணம் திரும்ப வருமா?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் 499 ரூபாய் என்றிருந்தால் அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு, ஆகவே கையிலிருந்து கொடுப்பது 588 ரூபாய் 82 காசு, வருஷத்துக்கு 7000 ரூபாய்க்கு மேல். வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஓரிரு மாதம் இலவசம் என்பார்கள். புதிய இணைப்பானால் முதல் மூன்று மாதத்துக்குமேல் முன்பணம் கட்டாதிருப்பது விவேகம். மழைக்காலம் ஒன்றைக் கண்ட பிறகு வருஷச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டுக்குள் வாய்க்கால் வெட்டுதல்

இனி, யான் முக்கியமாகச் சொல்ல வந்த பாகத்துக்கு வருகிறேன். கம்பி இழுக்க வரும் சிப்பந்தி, வாசலுக்கு அருகில் டெலிவிஷன் இருக்கும் கூடத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு அதுதான் சுலபம். வீட்டுப் பெரியவர்களும் அதற்குச் சம்மதிக்கிறார்கள்; ஏனெனில் அவர்கள் உட்காருமிடம் கூடமே. ஆனால் அந்த இணைப்பினால் பிழைக்க வேண்டியவர் யார்? படிக்கும் பிள்ளையும் வேலை செய்யும் மருமகளும் அல்லவா? அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ பின்கட்டு அறை, அல்லது மாடி அறை, அல்லது சமையலறைக்கு அடுத்த மூலை. நம் பழைய வீடுகள் முன்கட்டு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டு செல்பவை. சுவர்களோ ஒன்றரை அடி கனம். புதிய அடுக்குமாடி வீடுகளில் கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் சேர்ந்து அதே தடையைச் செய்கின்றன.

வைஃபை அலைகள் பெரும்பாலும் இருவகை. ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 ஜிகாஹெர்ட்ஸ். முன்னது தூரம் செல்லும், சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு. அடுத்த வீட்டாரின் அலைகளும், மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். பின்னது வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். பழைய லேப்டாப்புகள் பலவற்றில் முன்னது மட்டுமே உண்டு. ஆகவே அதனை அடியோடு நிறுத்திவிடலாகாது.

இதிலிருந்து பெறப்படுவன சில. பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். டெலிவிஷனுக்குப் பின்னாலும், இரும்புப் பீரோவின் பக்கத்திலும், நிலைக்கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் அருகிலும், மூடிய அலமாரிக்குள்ளும் வைக்கலாகாது. ஃபைபர் இழையை இன்னும் பத்து அடி உள்ளே கொண்டுவரும்படி கம்பி இழுக்கும் அன்றே கேட்டுக்கொண்டால், மேற்செலவு சொற்பமே. பிறகு கேட்டால் செலவும் அதிகம், காலதாமதமும் அதிகம். அவ்விழையை உள்ளங்கை அளவு வட்டத்துக்கும் சிறிதாக மடிக்கலாகாது. மடித்தால் ஒளி கசியும், முறிந்தாலும் முறியும். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வந்து சேரவில்லையென்று அறிந்துகொள்ளலாம்.

நீண்ட வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரு பெட்டி போதாது. அதற்குக் கடையில் ரிப்பீட்டர் என்று ஒரு சிறு சாதனம் கொடுப்பார்கள். அது காற்றில் வரும் அலையைப் பிடித்து மறுபடி காற்றிலேயே அனுப்புவது. ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாய்க் குறையும். அதனினும் சிறந்த வழி, முன்கட்டுப் பெட்டியிலிருந்து பின்கட்டுக்கு நெட்வொர்க் கேபிள் ஒன்று இழுத்து, அங்கே இரண்டாவது ரௌட்டரை வைப்பதே. கேட் 5இ அல்லது கேட் 6 என்று குறிக்கப்பட்ட கேபிள் 100 மீட்டர் தூரம்வரை விநாடிக்கு 1000 மெகாபிட் வேகத்தைச் சுமந்து செல்லும். தாழ்வாரத்து ஓரமாக ஒரு பிளாஸ்டிக் குழாயில் அதனைக் கொண்டுபோகலாம். மின்சாரக் கம்பியுடன் ஒரே குழாயில் போடலாகாது. கேபிளுக்குள் எட்டுச் சிறு கம்பிகள் உண்டு. அவற்றுள் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டாலும் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும்.

இரண்டாவது ரௌட்டரை அமைக்கும் முறையையும் இளைஞர்களுக்காகச் சொல்லுகிறேன். முதற் பெட்டியின் லேன் துவாரத்திலிருந்து வரும் கேபிளை இரண்டாவது பெட்டியின் லேன் துவாரத்திலேயே சொருகுக. இரண்டாவது பெட்டி தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் அமைப்பை நிறுத்துக; இரு பெட்டிகளும் முகவரி வழங்கினால் ஒரு லேப்டாப்பிலிருந்து மற்றொன்றும், வீட்டுப் பிரிண்டரும் தெரியாமற்போகக்கூடும். இரண்டாவதன் சொந்த முகவரி 192.168.1.1 என்று முதலாவதற்குள்ளதாகவே இருந்தால் வேறு எண்ணாக மாற்றுக. இரண்டுக்கும் ஒரே வைஃபைப் பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொடுக்க. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சானல்களே ஒன்றோடொன்று மோதாதவை. ஆகவே முதற் பெட்டிக்கு 1 என்றால் இரண்டாவதற்கு 6 அல்லது 11 வைக்க. அதன்பின் லேப்டாப்பை முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு எடுத்துச் சென்றால் அருகிலுள்ள பெட்டியோடு அது பெரும்பாலும் தானே சேர்ந்துகொள்ளும். இவ்வேலை கடினமென்று தோன்றினால் மெஷ் எனப்படும் ஜோடிப் பெட்டிகள் உள்ளன. விலை அதிகம், அமைப்பது சுலபம்.

ஒரே இடத்தில் வைத்து உபயோகிக்கும் லேப்டாப்புக்கு வைஃபையைவிடக் கேபிளே மேலானது. பரீக்ஷையோ நேர்முக விசாரணையோ நடக்கும் நாளில் கேபிள் சொருகிய லேப்டாப் நடுவில் நின்றுபோவது மிக அரிது. கேபிள் துவாரம் இல்லாத மெல்லிய லேப்டாப்புகளுக்கு யு.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் சிறு சாதனம் கடைகளில் கிடைக்கின்றது.

குறை எங்கென்று அறிவது

சந்தாவை உயர்த்துவதற்கு முன் இப்பரீக்ஷையைச் செய்து பாருங்கள். மற்றெல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, ஒரு லேப்டாப்பைக் கேபிளால் பெட்டியுடன் நேராக இணைத்து வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கேபிளை நீக்கிப் பெட்டியின் அருகிலும், அதன்பின் பின்கட்டு அறையிலும் வைஃபையில் அளந்து பாருங்கள். கேபிளில் சரியாயிருந்து பின்கட்டில் குறைந்தால் குறை நம் வீட்டுக்குள். சந்தாவை உயர்த்துவதில் பயனில்லை. கேபிளிலும் எந்நேரமும் குறைவாயிருந்தால் குறை கம்பெனியாருடையது. இரவு எட்டு முதல் பதினொன்றுவரை மாத்திரம் குறைந்தால் தெருவில் நெரிசல் என்று பொருள். மூன்று நாட்கள், தினம் மூன்று வேளை, தேதியும் மணியும் போட்டு ஒரு காகிதத்தில் குறித்து வைத்தால், அதுவே புகாருக்குத் தக்க சாட்சியமாகும்.

புகார் கொடுக்கும்போது அதன் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். 1997-ம் ஆண்டில் ஏற்பட்ட டிராய் என்னும் ஆணையத்தார் 2012-ல் வகுத்த விதிகளின்படி, புகாருக்குப் பதிவு எண் கொடுப்பதும், புகார் தீராவிடில் கம்பெனியிலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிட இடந்தருவதும் கம்பெனியாரின் கடமை. வாய்ச்சண்டையைவிடப் பதிவு எண் பலமுள்ளது.

காவலும் மின்சாரமும்

பெட்டியுடன் வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபைப் பூட்டு டபிள்யு.பி.ஏ. 2 அல்லது 2018-ல் வெளிவந்த டபிள்யு.பி.ஏ. 3 ஆக இருக்கட்டும். டபிள்யு.இ.பி. என்ற பழைய பூட்டு உடைக்கத்தக்கதென்று 2001-லேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. பொத்தானை அமுக்கி இணைக்கும் டபிள்யு.பி.எஸ். வசதியையும் நிறுத்திவிடுவது நலம். விருந்தினர்க்கென்று தனிப்பெயரில் ஒரு வைஃபை வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் தங்கிச் செல்பவருக்கு அதனைக் கொடுத்தால் வீட்டுக் கணினிகள் அவர்கள் சாதனங்களிலிருந்து தனித்திருக்கும். நம் இணைப்பின் வழியே பிறர் ஏதேனும் தகாத காரியம் செய்தால், முதலில் விசாரிக்கப்படுபவர் யார் பெயரில் இணைப்பு உள்ளதோ அவரே என்பதை மறத்தலாகாது.

மின்சாரம் நின்றால் லேப்டாப்பில் பாட்டரி உண்டு, பெட்டிக்கு இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அந்த லைனில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாதோர், 12 வோல்ட் பெட்டிகளுக்கென்றே விற்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றை வாங்கலாம். வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் அவசியம். பின்கட்டில் இரண்டாவது பெட்டி இருந்தால் அதற்கும் மின்சார ஏற்பாடு வேண்டும்.

கடைமடைப் பங்கு

பெரியோர்களே! யந்திர விஷயம் இத்துடன் ஒருவாறு முடிந்தது. இனிச் சொல்லப்போவது மனித விஷயம். கடைமடைக் கழனிக்கு நீர் விடுவது நீதியென்று நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் நம் வீட்டுக் கடைமடையில் யார் இருக்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அங்கே இருப்பவர் பெண்மக்களே. மகனுக்குக் கூடத்தில் மேஜை. மகளுக்குப் பின்னறையில் பாய். அண்ணன் விளையாட்டுக்காக ஃபைபரில் உட்கார்ந்திருக்க, தங்கை பாடத்துக்காகச் செல்போன் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடுகிறாள். மருமகளின் ஆபீஸ் கூட்டம் நடுவில் இருமுறை மும்முறை அறுந்தால், மேலதிகாரி அவளைக் கவனக்குறைவுள்ளவளென்று எண்ணுவார். அவ்வெண்ணம் தொடர்ந்தால் உத்தியோகம் போகும். உத்தியோகம் போனால், "குடும்பப் பெண்ணுக்கு வேலை ஒத்துவரவில்லை" என்று நாமே பேசுவோம். ஒத்துவராதது வேலையா, நாம் கூடத்தில் மாட்டிய பெட்டியா?

"பெண் குழந்தைக்குத் தனியறையில் இன்டர்நெட் கொடுத்தால் கெட்டுப்போகாதா?" என்று அஞ்சும் பெற்றோரும் இச்சபையில் இருக்கக்கூடும். அவ்வச்சத்தை யான் இகழவில்லை. ஆனால் அந்த அச்சம் ஆண் குழந்தை விஷயத்திலும் சமமாக இருக்கட்டும் என்பதே என் விண்ணப்பம். இரவு பத்து மணிக்குமேல் குறிப்பிட்ட சாதனங்களுக்கு இணைப்பு நிற்கும்படி அமைக்கும் வசதி பல ரௌட்டர்களில் உண்டு. அதனை இருபாலார்க்கும் ஒன்றுபோல் வையுங்கள். அலையைக் குறைத்து ஒழுக்கத்தை வளர்க்க இயலாது, பாடம்தான் குறையும்.

ஆகவே, வீட்டார் யாவரும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து, யாருக்கு எந்த வேளையில் எந்தக் காரியம் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பரீக்ஷை, விசாரணை, ஆபீஸ் கூட்டம் நடக்கும் வேளையில் டெலிவிஷன் படமும், பெரிய கோப்பு இறக்குவதும் காத்திருக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

நம் சங்கத்து இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வித்தையை அறிந்தவர் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். வயது சென்றோர் மட்டும் உள்ள வீடுகளுக்கும், பிள்ளைகள் படிக்கும் எளிய குடும்பங்களுக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று, பாஸ்வேர்டை மாற்றி, பெட்டியை நல்ல இடத்தில் வைத்து, வேகத்தை அளந்து கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு கேபிளும் ஒரு பழைய ரௌட்டரும் அநேக வீடுகளில் போதும். உபகாரச் சம்பளம் கொடுப்பது எவ்வளவு உதவியோ, அதனை விண்ணப்பிக்கும் வழியை வீட்டுக்குள் திறந்து வைப்பதும் அவ்வளவு உதவியேயாகும்.

இன்று வீடு திரும்பியதும், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டின் கடைசி அறைக்குச் சென்று, அங்கே உட்கார்ந்து வேகத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கு வரும் எண் எதுவோ, அதுவே உங்கள் வீட்டு இணையத்தின் உண்மையான எண். கம்பெனியார் ரசீதில் எழுதியிருப்பது அதுவன்று.